பழைய சரக்குக் கப்பலும் புயலும்: சான்றிதழ் இருந்தால் போதுமா?

கேள்வி, 9 ஜூன்

என் தம்பி கடல்சார் பொறியியல் படித்து முடித்து நெடுநாள் காத்திருந்தபின், ஒரு மொத்தச் சரக்குக் கப்பலில் இளநிலைப் பொறியாளராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. கப்பலின் வயது 27. தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்திய மேற்குக் கரைக்கு நிலக்கரி ஏற்றி வருமாம். அதுவும் தென்மேற்குப் பருவமழையின் நடுவில். கப்பல் பழையதானாலும் சான்றிதழ்கள் எல்லாம் நடப்பில் இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை என்று முகவர் சொல்கிறார். அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. சான்றிதழ் சரியாக இருந்தால் வயது ஒரு பொருட்டா? கடலில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 9 ஜூன், இரவு

சான்றிதழ் சரியாக இருப்பதும் கப்பல் சரியாக இருப்பதும் ஒன்றல்ல. 2015 அக்டோபர் 1 அன்று பகாமாஸ் தீவுகளுக்கு அருகே, ஹுவாக்கின் சூறாவளியில் மூழ்கிய ‘எல் ஃபாரோ’ கப்பலும் சான்றிதழ்களோடுதான் புறப்பட்டது. 1975இல் கட்டப்பட்டு நாற்பது ஆண்டுகள் ஓடிய கப்பல் அது. புளோரிடாவின் ஜாக்சன்வில் துறைமுகத்திலிருந்து போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குச் சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்த 33 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

நான் இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி பழைய மொத்தச் சரக்குக் கப்பல்களில்தான் கழிந்தது. உங்கள் தம்பி போகவிருக்கும் அதே நிலக்கரித் தடத்திலும் ஓடியிருக்கிறேன். உங்கள் அப்பாவின் தயக்கம் நியாயமானது. ஆனால் வயது என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

10 ஜூன்

எல் ஃபாரோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும், கேப்டன் புயலை நோக்கி ஓட்டிச் சென்றார் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது உண்மையின் ஒரு பாதி. மற்றப் பாதி கப்பலுக்குள் நடந்தது. இயந்திர அறைக்குப் போகும் இளைஞன் அறிந்திருக்க வேண்டியது அந்தப் பாதியைத்தான்.

காற்று இடப்புறமிருந்து அடித்ததால் கப்பல் வலப்புறம் சாய்ந்தே ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் சரக்கறைக்கு இறங்கும் சிறிய நுழைவாயின் மூடி, அதாவது மாலுமிகள் ஸ்கட்டில் என்று சொல்லும் அந்த மூடி, திறந்து கிடந்ததால் அலைநீர் உள்ளே இறங்கியது. உள்ளே கட்டி வைத்திருந்த கார்கள் கட்டறுந்து புரண்டன; அவை தீயணைப்புப் பம்புக்குக் கடல்நீர் கொண்டுவரும் குழாயில் மோதி அதை உடைத்திருக்கக்கூடும் என்பது விசாரணையாளர்களின் முடிவு. மூடியை அடைக்க வசதியாக இருக்கட்டும் என்று கேப்டன் கப்பலைத் திருப்பிச் சாய்வை இடப்புறம் மாற்றினார். அங்கேதான் இயந்திரம் காலை வாரியது. லூப் ஆயில் தொட்டியில், அதாவது இயந்திரத்துக்கான மசகு எண்ணெய்த் தொட்டியில், எண்ணெய் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக இருந்தது. அதை உறிஞ்சும் குழாயின் வாயும் தொட்டியின் வலப்பக்கமாகத் தள்ளி அமைந்திருந்தது. கப்பல் இடப்புறம் சாய்ந்ததும் எண்ணெய் அந்தப் பக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கியது, கப்பலை ஓட்டும் டர்பைன் நின்றது. அப்போது காலை ஆறு மணி இருக்கும். ஏழரை மணி அளவில் கப்பலைக் கைவிடும் உத்தரவு பிறந்தது. பத்து நிமிடம் கழித்து, கப்பலில் நடப்பதைப் பதியும் கருவியின் ஒலி முடிந்துவிடுகிறது.

கடலின் ஆழத்திலிருந்து அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மீட்கப்பட்ட அந்தக் கருவியில், கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் நடந்த 26 மணி நேர உரையாடல் இருந்தது. அதனால்தான் இவ்வளவும் நமக்குத் தெரியும். அந்த எழுத்து வடிவத்தைப் படித்த நாள்களில் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

10 ஜூன், பின்னிரவு

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை இரண்டு. அன்றிரவு மூன்றாம் அதிகாரியும் பின்னர் இரண்டாம் அதிகாரியும் கேப்டனின் அறைக்குத் தொலைபேசியில் பேசிப் புதிய வானிலைச் செய்தியைச் சொன்னார்கள். பாதையைத் தெற்கே மாற்றலாம் என்ற யோசனையும் வந்தது. பாதை மாறவில்லை. கேப்டன் பெரிதும் நம்பியது மின்னஞ்சலில் வரும் ஒரு வானிலைப் படத்தொகுப்பை. அது கைக்கு வரும்போதே அதிலிருந்த செய்தி பல மணி நேரம் பழையதாகியிருந்தது.

அடுத்தது உயிர்காப்புப் படகுகள். 1986 ஜூலைக்குப் பிறகு கட்டப்படும் சரக்குக் கப்பல்களுக்கு முழுவதும் மூடிய படகுகள் கட்டாயம். எல் ஃபாரோ அதற்கு முந்திய கப்பல் என்பதால் கூரையில்லாத திறந்த படகுகளோடு ஓட அனுமதி இருந்தது. அதன் மேல்தளத்தில் கன்டெய்னர் ஏற்றும்படி 2006 வாக்கில் அமைப்பையே மாற்றினார்கள். அதைப் பெரிய மாற்றம் என்று அதிகாரிகள் கணக்கில் எடுத்திருந்தால் படகுகளும் மாறியிருக்கும். எடுக்கவில்லை. பழைய கப்பலின் வயது உண்மையில் ஆபத்தாவது இங்கேதான்: துருவைச் சுரண்டிவிடலாம், ஆனால் பழைய விதியின் கீழ் ஓடும் சலுகை கப்பல் உடைக்கப்படும் நாள்வரை கூடவே வரும்.

12 ஜூன்

இயந்திரம் நிற்பதெல்லாம் பழைய கப்பலின் நோய், புதிய கப்பலில் நடக்காது என்று ஒரு நண்பர் கீழே எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்ல முடியாது. 2019 மார்ச்சில் நார்வே கரையோரம் ஹுஸ்டாட்விகா என்ற கொந்தளிப்பான பகுதியில் ‘வைக்கிங் ஸ்கை’ என்ற பயணிகள் கப்பலில் மின்னாக்கிகள் அத்தனையும் நின்று, கப்பல் பாறைகளை நோக்கி நகர்ந்தது. இரண்டு வயதுக் கப்பல். கப்பலில் 1,300க்கும் அதிகமானோர் இருந்தார்கள். காரணம் அதே லூப் ஆயில்: தொட்டிகளில் அளவு குறைவு, கப்பல் உருண்டதும் பம்புக்கு எண்ணெய் எட்டவில்லை. ஆனால் அங்கே முக்கால் மணி நேரத்துக்குள் இயந்திரத்தை மீண்டும் இயக்க முடிந்தது. சாய்ந்து, நீர் புகுந்து கிடந்த எல் ஃபாரோவில் அது முடியவில்லை.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஜூலை மாதம், அரபிக் கடல், தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்திலிருந்து நிலக்கரி நிறைத்து வந்தோம். கப்பல் இருபுறமும் ஆழமாக உருண்டது. எரிபொருள் தொட்டிகளின் அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்து கிடந்த கசடு அந்த உருளலில் கலங்கி மேலே வந்துவிட்டது. முந்தைய உலர்துறைப் பழுதுபார்ப்பில் தொட்டிகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். கரையில் இருந்தவர்கள் செலவைக் குறைப்பதற்காக அந்த வரியை அடித்துவிட்டார்கள். அதன் விலையை நடுக்கடலில் நாங்கள் கொடுத்தோம். ஃபில்டரைக் கழுவி மாட்டினால் சிறிது நேரத்தில் மீண்டும் அடைத்துக்கொண்டது. ஒருவர் கழுவ, ஒருவர் மாட்ட, ஒருவர் அழுத்தமானியையே பார்த்துக்கொண்டு நிற்க என்று இரவு முழுக்க வேலை நடந்தது. விடியும் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஜெனரேட்டர்களும் அடுத்தடுத்து நின்று கப்பல் இருண்டது.

இயந்திரம் நின்ற கப்பல் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அதுவரை உருண்ட அளவுக்கும் அதற்குப் பிறகு உருண்ட அளவுக்கும் ஒப்பே இல்லை. கட்டி வைத்திருந்த உதிரி பிஸ்டன் ஒன்று கட்டறுத்துக்கொண்டு தட்டுப்பாலத்தில் மோதியது. எங்கள் ஃபிட்டருக்குச் சூடான எண்ணெய் முன்கையில் கொட்டியது. அந்தக் கையோடுதான் அவர் ஃபில்டர் மூடியை முறுக்கி முடித்தார். அவசர ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொண்டதால் விளக்கும் சுக்கானும் கிடைத்தன. அந்த ஜெனரேட்டரை வாரந்தோறும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஓட்டாமலே ஓட்டியதாகக் குறிப்பேட்டில் எழுதிய கப்பல்களை நான் அறிவேன். எங்கள் இரண்டாம் பொறியாளர் அப்படி எழுத ஒருபோதும் விடாதவர். நாங்கள் கரை சேர்ந்ததற்கு அந்த மனிதரின் பிடிவாதம் ஒரு முக்கியக் காரணம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

12 ஜூன், சிறு குறிப்பு

காயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கப்பல் மூழ்குவது அரிது. கொந்தளிப்பில் ஆள் அடிபடுவது அரிதல்ல. கதவு விரலை நசுக்குவது, ஏணியிலிருந்து விழுவது, சமையலறையில் கொதிநீர் கவிழ்வது, தளர்ந்த ஒன்றை இறுக்க மேல்தளத்துக்குப் போனவரை அலை அடித்துச் செல்வது என இவைதான் அடிக்கடி நடப்பவை. பழைய கப்பலில் இறுக்க வேண்டியவை அதிகம். ஆகவே மேல்தளத்துக்குப் போக வேண்டிய தேவையும் அதிகம்.

13 ஜூன்

சரக்கறை மூடிகளைப் பற்றி எழுதாமல் நிலக்கரிக் கப்பலைப் பற்றி எழுதி முடிக்க முடியாது.

‘மரைன் எலக்ட்ரிக்’ என்று ஓர் அமெரிக்க நிலக்கரிக் கப்பல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944இல், எண்ணெய்க் கப்பலாகக் கட்டப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் நடுப்பகுதியை வெட்டியெடுத்துப் புதிய நடுப்பகுதி பொருத்தி, மொத்தச் சரக்குக் கப்பலாக மாற்றினார்கள். முன்னும் பின்னும் பழைய இரும்பு. 1983 பிப்ரவரியில் சுமார் 24,800 டன் நிலக்கரியோடு வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து மாசசூசெட்சுக்குப் புறப்பட்டது. கடும் குளிர்காலப் புயல். வழியில் ‘தியடோரா’ என்ற மீன்பிடிக் கப்பலில் தண்ணீர் புகுவதாகத் தகவல் வர, கடலோரக் காவல்படை கேட்டதற்கிணங்கத் திரும்பிச் சென்று அதற்குத் துணையாக நின்றது. தியடோரா தப்பியது. மரைன் எலக்ட்ரிக் பிப்ரவரி 12 விடியற்காலையில் கவிழ்ந்தது. 34 பேரில் மூவர் மட்டுமே பிழைத்தார்கள்.

கடல்நீரின் வெப்பம் நான்கு டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருந்தது. குளிர்காப்பு உடை ஒன்றுகூடக் கப்பலில் கிடையாது. அன்றைய விதி அதைக் கேட்கவும் இல்லை. ஹெலிகாப்டர் வந்து தலைக்கு மேலே கூடையை இறக்கியபோது, விறைத்துப்போன கைகளால் அதற்குள் ஏறிக்கொள்ள நீரில் மிதந்தவர்களால் முடியவில்லை. நீரில் குதித்து ஆளைத் தூக்கும் மீட்பு நீச்சல் வீரர்கள் அப்போது அந்தக் காவல்படையில் இல்லை; கடற்படையிலிருந்து ஒருவரை வரவழைக்க வேண்டியிருந்தது.

தியடோராவுக்கு உதவப் போனபோது தரைதட்டியதுதான் காரணம் என்று உரிமையாளர் தரப்பு வாதிட்டது. பிழைத்தவர்களில் ஒருவரான தலைமை அதிகாரி ராபர்ட் குசிக், சரக்கறை மூடிகள் எந்தெந்த இடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தன, அவை எப்படி ஒட்டுப்போடப்பட்டிருந்தன என்று விசாரணையில் சாட்சி சொன்னார். விசாரணைக் குழு தரைதட்டிய கதையை ஏற்கவில்லை. அதன்பிறகே குளிர்கடலில் ஓடும் கப்பல்களுக்குக் குளிர்காப்பு உடை கட்டாயமானது. மீட்பு நீச்சல் வீரர் பயிற்சித் திட்டம் பிறந்தது. போர்க்காலத்துப் பழங்கப்பல்கள் பல உடைப்புத் துறைக்குப் போயின. 31 உயிர்களுக்குப் பிறகு!

13 ஜூன், இரவு

மூடியில் எதைப் பார்ப்பது என்று கேட்டவருக்கு: இரும்புத் தகட்டை மட்டும் பார்த்தால் போதாது. மூடியின் விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பேக்கிங் தளர்ந்து கெட்டிப்பட்டிருக்கிறதா, அது அழுந்தும் பட்டை தேய்ந்திருக்கிறதா, மூடியை இறுக்கிப் பிடிக்கும் கிளீட்டுகள் எல்லாம் உண்மையிலேயே இறுகுகின்றனவா, நீரை வெளியேற்றும் வடிகால் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயால் நீர் பீய்ச்சிச் சோதிப்பது பழைய முறை. இப்போது மீயொலிக் கருவியால் சோதிக்கிறார்கள். துறைமுகத்தில் சரக்கின் உரிமையாளர் தரப்பினர் வந்து அப்படிச் சோதித்துத் தோல்வி என்று எழுதிய கப்பலில், மூடி இணைப்புகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டிப் புறப்பட்டதைக் கண்டிருக்கிறேன். ஒட்டுநாடா நிலக்கரி நனையாமல் தடுக்கலாம். மேல்தளத்தில் விழும் அலையின் எடையைத் தாங்காது.

குழாயில் ஓட்டை விழுந்தால் அதைச் சுற்றிப் பலகை அடைத்துச் சிமென்ட் கொட்டுவார்கள். அவசரத்துக்கு அது நல்ல வைத்தியம். பல கப்பல்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அடுத்த துறைமுகத்தில் அதை உடைத்துக் குழாயை மாற்ற வேண்டும். பெயின்ட் அடித்த சிமென்ட் பெட்டியை உங்கள் தம்பி கண்டால், அது அவசரம் தீர்ந்தபின்னும் அங்கேயே வாழ்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட கப்பலில் மற்ற இடங்களிலும் அதே மனப்போக்குதான் இருக்கும்.

15 ஜூன்

விபத்து நடந்தால் முதலில் கைநீட்டப்படுவது இறந்த மாலுமிகளை நோக்கித்தான். ‘டெர்பிஷயர்’ கப்பலின் கதையை அதற்காகவே சொல்ல வேண்டும். பழைய கப்பலும் அல்ல, 1976இல் கட்டியது. 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே ஆர்கிட் சூறாவளியில் 44 பேரோடு மறைந்தது. உதவி கேட்டு ஒரு செய்திகூட அனுப்ப நேரமில்லை. குடும்பத்தினர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அனைத்துலகப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு செலவேற்று நடத்திய தேடலில் 1994இல் கடலடியில் சிதைவு கிடைத்தது. முன்பக்கத்தில் கயிறும் பெயின்ட்டும் வைக்கும் அறையின் மூடியை மாலுமிகள் சரியாகப் பூட்டவில்லை என்று முதலில் ஒரு முடிவு எழுதினார்கள். மீண்டும் திறக்கப்பட்ட விசாரணை 2000இல் அதை மறுத்தது: முன்தளத்தில் இருந்த காற்றுக் குழாய்களை அலை உடைத்தெறிந்து, முன்னறைகளில் நீர் நிறைந்து, மூக்கு தாழ்ந்து, பிறகு முதல் சரக்கறையின் மூடி அலையின் எடையில் நொறுங்கியது என்பதே இறுதி முடிவு. மாலுமிகளின் மேல் விழுந்த பழி நீங்க இருபது ஆண்டுகள் ஆயின.

ஆகவே உங்கள் தம்பி பழுதைக் கண்டால் வாயால் மட்டும் சொல்லக் கூடாது; தேதியிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், படம் எடுத்து வைக்க வேண்டும்.

16 ஜூன்

நம் ஊருக்கு அருகே நடந்ததைச் சொல்லச் சொல்கிறீர்கள். 2012 அக்டோபர் 31, நீலம் புயல். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் நிற்காமல் இழுபட்டு, பெசன்ட் நகர்க் கரையோரம் தரைதட்டியது. எரிபொருளும் உணவும் போதாமல், சம்பளம் வராமல் கிடந்த கப்பல் அது என்று அப்போது செய்திகள் வந்தன. மாலுமிகளில் ஒரு பகுதியினர் உயிர்காப்புப் படகில் இறங்க, அது அலையில் கவிழ்ந்தது. ஆறு பேர் இறந்தார்கள். கரையிலிருந்து மீனவர்கள் படகெடுத்துச் சென்று பலரைத் தூக்கி வந்தார்கள். கப்பலிலேயே தங்கியவர்கள் பின்னர் மீட்கப்பட்டார்கள்.

இதைக் கொண்டு இறங்கியவர்களைக் குறை சொல்ல நான் ஒப்ப மாட்டேன். பசியோடும், கரையிலிருந்து தெளிவான சொல் எதுவும் வராமலும், கண்ணெதிரே கரை தெரிய, கப்பல் தரையில் மோதி அதிரும்போது மனிதர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்பதை அறையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. ஆனால் பாடம் ஒன்று உண்டு. கப்பல் மிதக்கும்வரை, அல்லது தரையில் நிமிர்ந்து நிற்கும்வரை, கரையோரத்து அலைக்குள் படகை இறக்குவதைவிடக் கப்பலே பெரும்பாலும் பாதுகாப்பானது.

18 ஜூன்

அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்குத் திரும்புகிறேன். முகவரிடம் கப்பலின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், ஐ.எம்.ஓ. எண்ணை, அதாவது ஒவ்வொரு கப்பலுக்கும் உரிய நிலையான அடையாள எண்ணைக் கேளுங்கள். பெயரும், கொடியும் (அதாவது கப்பல் பதிவான நாடும்), உரிமையாளரும் மாறும். அந்த ஏழு இலக்க எண் மாறாது. ‘ஈக்வாசிஸ்’ என்ற இணையதளத்தில் இலவசமாகப் பதிந்து அந்த எண்ணை இட்டால், எந்தெந்தத் துறைமுகத்தில் சோதனை நடந்தது, எத்தனை குறைகள், குறைகளுக்காக எப்போது தடுத்து வைக்கப்பட்டது, கப்பலைச் சோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனம் எது, எத்தனை முறை உரிமையாளர் மாறினார் என்பதெல்லாம் தெரியும். எண் தர மறுக்கும் முகவரை அத்தோடு விட்டுவிடுங்கள். முகவருக்கு இந்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம், அதாவது மாலுமிகளை வேலைக்கு அமர்த்தும் உரிமம், இருக்கிறதா என்பதையும் அந்த இயக்குநரகத்தின் தளத்திலேயே பாருங்கள். வேலைக்காகப் பணம் கேட்பது சட்டப்படி குற்றம்.

27 வயது என்பது மொத்தச் சரக்குக் கப்பலுக்கு மிகவும் அதிகம். அந்த வயதுக்குள் பெரும்பாலான உரிமையாளர்கள் உடைப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். நிலக்கரியில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் சரக்கறையின் விலா எலும்பு போன்ற இரும்புச் சட்டங்களை அரிக்கும்; நிலக்கரியை அள்ளும் பெரிய இரும்பு வாளிகள் ஒவ்வொரு துறைமுகத்திலும் அவற்றை இடிக்கும். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் பழைய மொத்தச் சரக்குக் கப்பல்கள் அடுத்தடுத்து உடைந்து மூழ்கியதால்தான், தகட்டின் தடிமனை அளந்து பார்க்கும் கடுமையான ஆய்வுமுறை 1993இல் வந்தது. அந்த ஆய்வுக் கோப்பு கப்பலிலேயே இருக்க வேண்டும். சேர்ந்தபின் அதைப் படிக்க அவனுக்கு உரிமை உண்டு.

20 ஜூன்

அந்தக் கப்பலைப் பற்றி நீங்கள் அனுப்பிய ஈக்வாசிஸ் பதிவை நேற்றிரவு முழுவதும் பார்த்தேன். குறுகிய காலத்துக்குள் இருமுறை தடுத்து வைப்பு. ஒன்றில் சரக்கறை மூடியும் காற்றுக் குழாய் மூடிகளும், மற்றொன்றில் அவசரத் தீயணைப்புப் பம்பும் அவசர ஜெனரேட்டரும். நான் மேலே எழுதிய ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதற்கிடையில் கொடியும் மாறியிருக்கிறது. பருவமழையில் இந்தக் கப்பலில் என் மகனை ஏற்ற மாட்டேன்; உங்கள் தம்பியும் ஏற வேண்டாம் என்பதே என் கருத்து. வேலையில்லாமல் இருப்பதன் வலி எனக்குத் தெரியும், அதனால் இதை எளிதாகச் சொல்லவில்லை.

22 ஜூன்

வேறொரு அழைப்பை ஏற்றிருக்கிறான் என்று அறிந்து மகிழ்ச்சி. பதினோரு வயதுக் கப்பல், தடுத்து வைப்பு எதுவும் இல்லை. அங்கேயும் சில செயல்களைத் தள்ளிப்போடாமல் செய்யச் சொல்லுங்கள். முதல் நாளே குளிர்காப்பு உடையை உறையிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்க்கட்டும். ஜிப் இறுகினால் மெழுகு தடவட்டும். இயந்திர அறையிலிருந்து வெளியேறும் வழியை விளக்கில்லாமல் நடந்து பழகட்டும். நங்கூரச் சங்கிலி அறை போன்ற மூடிய இடங்களில் துரு காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். அளந்து பார்க்காமல், மேலதிகாரி சொன்னாலும், இறங்கக் கூடாது. கப்பலின் பாதுகாப்புக்காகக் கரையில் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரியின் தொலைபேசி எண் பொது அறையில் ஒட்டப்பட்டிருக்கும். அதைத் தன் கைபேசியிலும் ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். லூப் ஆயில் தொட்டியின் அளவை, மோசமான வானிலைக்குள் நுழையும் முன்பு, தன் கையால் ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.